கொட்டகைக்கு வந்த வினாத்தாள்

நேற்று நம் வகுப்புக் குழுவில் வந்த செய்தியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புதிதாகப் பொது மதிப்பீட்டு முறை ஒன்று வரப்போகிறதாம். எல்லா ஊருக்கும் ஒரே கேள்வி, ஒரே அளவுகோல். அதற்குக் கீழே நம்மில் ஒருவர் எழுதியிருந்தார்: "நமக்கும் அஞ்சாப்புல இந்த மாதிரி ஒண்ணு வெச்சாங்களே, ஞாபகம் இருக்கா? வாசனைப் பென்சில் குடுத்தாங்களே!" உடனே ஆளாளுக்குச் சிரிப்புப் பொம்மைகள். பென்சிலின் நிறத்தைப் பற்றி ஒரு விவாதமே நடந்தது. பச்சை என்றார் ஒருவர். மஞ்சள் என்றார் இன்னொருவர்.

நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். இத்தனை வருஷமாக உங்களுக்கும் தெரியும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். தெரிந்தும் யாரும் பேசவில்லை என்று உங்கள் மேல் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது. உங்களுக்குத் தெரியவே தெரியாது என்பது நேற்றுத்தான் எனக்கு உறைத்தது. நீங்கள் எல்லோரும் அன்று வகுப்பறைக்குள் இருந்தீர்கள். நான் கொட்டகையில் இருந்தேன்.

பென்சில் அரக்குச் சிவப்பு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த வருஷம் மாசியில் வெயில் சீக்கிரமே வந்துவிட்டது. நம் வகுப்பு டீச்சரை நினைவிருக்கும். திருநள்ளாற்றிலிருந்து பஸ்ஸில் வருவார்; வந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு, முந்தானையால் துடைத்தபடியே பாடத்தைத் தொடங்குவார். தரத் தேர்வு வரப்போகிறது என்று அறிவித்த நாளிலிருந்து அவர் பாடமே நடத்தவில்லை. வட்டம்தான். கரும்பலகை முழுக்க வட்டம் போட்டு, அதைக் கோடு தாண்டாமல் கறுப்பாக்கப் பழக்கினார். "பதில் தெரிஞ்சாலும் எழுதக் கூடாது. வட்டத்தத்தான் கறுப்படிக்கணும். வெளிய ஒரு கீத்து போனாலும் மார்க்கு போயிடும்" என்று சொல்லும்போது அவர் குரலே நடுங்கும். அவரைச் சோதிக்கத்தான் யாரோ வருகிறார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டோம். அது ஒரு வகையில் உண்மைதான். அவர் அப்போது வேலை நிரந்தரமாகாதவர் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

என் பக்கத்தில் உட்கார்ந்தவள் கடலோரத்துக் கிளிஞ்சல்மேட்டுக்காரி. அவள் அம்மாதான் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருவார். அவளுக்குப் படிப்பது என்றால் ஒரு பைத்தியம். பாடப் புத்தகத்தைச் சொல்லவில்லை. கடலைப் பொட்டலத்தைப் பிரித்தால், கடலை எனக்கு, காகிதம் அவளுக்கு. சினிமாச் சுவரொட்டியின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் அச்சகத்தின் பெயர்வரை வாசித்துவிட்டுத்தான் நகருவாள். தெருப் பலகைகளில் தமிழுக்குக் கீழே பிரெஞ்சு இருக்குமே, அதை எப்படிச் சொல்வது என்று என் அப்பாவை நிறுத்திக் கேட்பாள். அப்பா அரசு ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். அவர் படித்த காலத்தில் பள்ளியில் பிரெஞ்சுதான். அவருக்கு அதில் ஒரே பெருமை. சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டுச் சொல்லிக்கொடுப்பார்.

அவளுடைய சித்தி மகளும் நம் வகுப்புதான். உங்களுக்கு முகம் ஞாபகம் வருகிறதா? எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை. கேட்டால் ஒழியப் பேசமாட்டாள். படிப்பில் நடுத்தரம். ஆனால் வட்டம் கறுப்பாக்குவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. டீச்சர் அவள் நோட்டைத் தூக்கி எல்லோருக்கும் காட்டியபோது வெட்கத்தில் முகத்தை மேசைக்கடியில் ஒளித்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் அவளை யாரும் பாராட்டி நான் பார்த்தது அது ஒன்றுதான்.

தேர்வன்று வழக்கத்தைவிட முன்னதாக மணி அடிக்கப்போகிறார்கள் என்று சொல்லியிருந்தார்கள். அப்பாவுக்கு அன்று ஆஸ்பத்திரியில் அவசர வேலை வந்து சைக்கிளோடு கிளம்பிவிட்டார். அம்மா என்னைத் தனியாக அனுப்ப யோசித்து யோசித்து நேரம் போய்விட்டது. ஓட்டமும் நடையுமாக நான் வந்துகொண்டிருந்தபோது, கடலோரத்திலிருந்து நடந்துவரும் பிள்ளைகள் எதிரே வந்து சேர்ந்தார்கள். கால் முழுக்க மணல். எல்லோருமாகப் பள்ளி வாசலை அடைந்தபோது மணி அடித்துவிட்டது. வகுப்பறைக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

நம் ஆசிரியர்கள் ஒருவரும் இல்லை. அதுவும் புது முறையில் ஒரு விதி. அவர்களை வேறு பள்ளிகளுக்கு அனுப்பியிருந்தார்கள். யாரென்றே தெரியாத ஒருவர் எங்களைக் கீற்றுக் கொட்டகைக்கு ஓட்டிக்கொண்டு போனார். சின்ன வயசு சார். புதுச் சட்டையின் மடிப்பு இன்னும் கலையவில்லை. கையில் அச்சடித்த தாளை வைத்துக்கொண்டு விதிகளை மூச்சுவிடாமல் வாசித்தார். மேற்பார்வையாளர் வினாத்தாளைப் பார்க்கக் கூடாது. மாணவர்களின் கேள்விக்குப் பதில் சொல்லக் கூடாது. பிறகு தனியாக ஒரு கட்டின் அரக்கை உடைத்து, தாள்களைக் கவிழ்த்தபடியே கொடுத்துக்கொண்டு போனார். பென்சிலும் கொடுத்தார். ஆமாம், வாசனைதான். நானும் மூக்கில் வைத்துப் பார்த்தேன்.

திருப்பச் சொன்னார். திருப்பினோம்.

எழுத்துகள் எல்லாம் உருண்டையாக இருந்தன. முதலில் எனக்குக் கண் மங்கிவிட்டது என்று நினைத்தேன். ஓடிவந்ததால் இருக்கும் என்று கண்ணை மூடித் திறந்தேன். சில எழுத்துகள் தமிழ் மாதிரியே தொடங்கி, வேறு எங்கோ சுருண்டு போயின. அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அதுவும் அப்படியே. எனக்குப் படிப்பு மறந்துபோய்விட்டது என்றுதான் என் மனசில் ஓடியது. சிரிக்காதீர்கள். நேற்றுவரை தெரிந்தது இன்றைக்குக் காலையில் மறந்துவிடும் என்று ஒரு குழந்தை நம்பிவிடும்.

என் பக்கத்துக்காரி எழுந்து நின்றாள்.

"சார், இது தமிழ் இல்ல சார்."

"உக்காரு."

"பாருங்க சார்." வினாத்தாளை அவரிடம் நீட்டினாள். அவர் நெருப்பைக் காட்டியதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.

"வினாத்தாள நான் பாக்கக் கூடாது. நீ காட்டவும் கூடாது. விதி சொன்னேன்ல?"

"எழுத்தே வேற சார்."

"படிக்கத் தெரியலன்னா பேசாம உக்காரு. தமிழ் இல்லன்னு கத வுடாத."

"எனக்குப் படிக்கத் தெரியும் சார்!"

"எனக்கும் அப்படித்தான் சார் இருக்கு" என்று நான் உட்கார்ந்தபடியே சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது.

"எல்லாரும் பேசிவெச்சுக்கிட்டு வந்தீங்களா? இன்னொரு வார்த்த பேசுனா பேப்பர வாங்கிட்டு வெளிய அனுப்பிருவேன்."

அவள் உட்கார்ந்தாள். காது இரண்டும் சிவந்திருந்தன. கணக்குப் பகுதியில் எண்கள் நமக்குத் தெரிந்த எண்களாகவே இருந்தன. கூட்டல் கழித்தலை எல்லோரும் போட்டோம். மற்றவற்றுக்கு நான் குத்துமதிப்பாக வட்டங்களைக் கறுப்பாக்கினேன். எனக்கு முன்னால் சித்தி மகள் குனிந்து, ஒரு வட்டம்கூடப் பிசகாமல், பக்கம் பக்கமாக அழகாகக் கறுப்படித்துக்கொண்டிருந்தாள். என் பக்கத்துக்காரி மட்டும் தெரியாத எதையும் தொடவில்லை. மிச்ச நேரம் முழுக்க வினாத்தாளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. அழுகிறாளோ என்று பார்த்தேன். அழவில்லை.

வினாத்தாள், விடைத்தாள், பென்சில் எல்லாவற்றையும் வாங்கிச் சாக்கில் போட்டுத் தைத்துக்கொண்டு போய்விட்டார்கள். விடைத்தாளில் எண்ணும் வட்டமும் தவிர வேறு எழுத்தே கிடையாது. அது எல்லா மொழிக்கும் பொது. துளை போட்ட அட்டையை அதன் மேல் வைத்து மார்க்கு எண்ணுவார்களாம். திருத்துகிறவருக்கு அந்தப் பிள்ளை என்ன மொழியில் கேள்வியைப் பார்த்தது என்று தெரிய வழியே இல்லை.

வீட்டில் சொன்னேன். "பரீட்ச கஷ்டமா இருந்தா அப்படித்தாண்டி தோணும்" என்றார் அம்மா. அப்பா, "இங்கிலீஷாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப தமிழாத்தான் இருக்கும். பயத்துல பாத்திருப்பே" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். மறுநாள் வகுப்பு டீச்சர் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே கொட்டகைப் பிள்ளைகள் எல்லோரும் சூழ்ந்துகொண்டு சொன்னோம். அவர் முகம் மாறியது. நேராகப் பெரிய டீச்சரின் அறைக்குப் போனார். தலைமை ஆசிரியையை நாம் பெரிய டீச்சர் என்றுதானே கூப்பிடுவோம். திரும்பி வந்தபோது அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை. "இனிமே அதப் பத்திப் பேசக் கூடாது" என்றார். எங்களுக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா என்று இப்போது தோன்றுகிறது.

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. மாங்கனித் திருவிழாவுக்கு ஊர் கூடியிருந்த சமயம். தெருவெல்லாம் மாம்பழ வாசனை. அந்த வாரத்தில்தான் புதுச்சேரியிலிருந்து அதிகாரி ஒருவர் வந்தார். முற்றத்தில் பந்தல், மைக், பெற்றோர்களுக்கு நாற்காலி. அந்தக் கூட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று பெயர் வாசித்தார்கள். மூன்றாம் தரத்துக்கு இனி இங்கிலீஷும் கணக்கும் கிடையாது, கைத்தொழில்தான் என்றார்கள். அந்தப் பட்டியலில் கொட்டகைப் பிள்ளைகள் ஒருவர் விடாமல் இருந்தார்கள். சித்தி மகள் பெயர். என் பக்கத்துக்காரி பெயர். பிறகு என் பெயர்.

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. "கம்பவுண்டர் பொண்ணா?" என்று யாரோ கேட்டார்கள். சலசலப்பு என் பெயருக்கு மட்டும்தான் எழுந்தது. மற்ற பெயர்களுக்கு யாரும் தலையைக்கூடத் திருப்பவில்லை. இது எனக்கு அன்று தெரியவில்லை; எத்தனையோ வருஷம் கழித்து, ஏதோ வேலையாக இருக்கும்போது திடீரென்று தெரிந்தது. கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

அதிகாரி மைக்கில் பேசியதையும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். "இந்த முறை எவ்வளவு துல்லியம் பாருங்க. கடலோரப் பிள்ளைங்க எந்த அளவுக்குப் பின்தங்கியிருக்காங்கன்னு ஒரே பார்வையில தெரிஞ்சிடுச்சு." கை தட்டினார்கள். நாங்களும் தட்டினோம்.

அன்று சாயங்காலமே அப்பா என்னை இழுத்துக்கொண்டு பெரிய டீச்சரின் அறைக்குப் போனார்.

"எம்பொண்ணு வகுப்புல மொத அஞ்சு பேருக்குள்ள வர்றவ. எப்படிங்க மூணாந்தரம்?"

பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கும் அதிர்ச்சியாத்தான் இருக்கு. ஒங்க பொண்ணு அந்தக் கூட்டத்துல எப்படி வந்துச்சுன்னே தெரியல."

"டீச்சர், எங்களுக்குக் குடுத்த பேப்பரு தமிழ்லயே இல்ல. எல்லாருக்கும்தான்" என்றேன்.

"நீ சும்மா இரு" என்றார் என்னைப் பார்த்து. பிறகு அப்பாவிடம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆனா ஒரு வழி இருக்கு. அன்னிக்கு ஒடம்பு சரியில்லாம எழுதுன பிள்ளைங்களுக்கு வகுப்பு மார்க்க வெச்சு மாத்திக் குடுக்கலாம்னு விதி சொல்லுது. நீங்க ஆஸ்பத்திரியிலதான இருக்கீங்க? காய்ச்சல்னு ஒரு சான்று வாங்கிக் குடுத்துடுங்க."

அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். எனக்குக் காய்ச்சல் இல்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அவர் தலையசைத்தார்.

நடந்ததைச் சொன்னால் கதை. நடக்காததைச் சொன்னால் சான்று. இதைவிடச் சுருக்கமாக எனக்கு இதைச் சொல்லத் தெரியவில்லை. சைக்கிளில் திரும்பும்போது, "அப்போ அவ?" என்று கேட்டேன். அப்பா பெல்லை அடித்தார். முன்னால் யாருமே இல்லை.

அந்த வாரமே நான் முதல் தரத்துக்கு வந்துவிட்டேன். உங்களோடு உட்கார்ந்தேன். நீங்கள் நகர்ந்து இடம் கொடுத்தீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்தபோது, கொல்லைப்புறத்தில் அவள் அம்மா கூடையை இறக்கி வைத்துக்கொண்டிருந்தார். கூட அவளும் நின்றாள். அன்று மீன் கொடுக்கவில்லை. அப்பாவைப் பார்க்க வேண்டும் என்றார்.

"கம்பவுண்டரய்யா, ஒங்க பொண்ணுக்கு மாத்திக் குடுத்துட்டாங்களாமே."

"ஆமாம்மா."

"எம்பொண்ணுக்கும் காய்ச்சல்னு எழுதிக் குடுங்கய்யா."

அப்பா மெதுவாகச் சொன்னார். "ஒங்க பொண்ணுக்குக் காய்ச்சல் இல்லியேம்மா."

"ஒங்க பொண்ணுக்கு இருந்துச்சாங்க?"

அந்த அம்மா சண்டைக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். என் அப்பாவின் முகத்தை நான் அப்படி அதற்கு முன் பார்த்ததில்லை; பின்னால் ஒரே ஒரு தடவை, அவருக்கு நெஞ்சுவலி வந்தபோது பார்த்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அவள்தான் குறுக்கே புகுந்தாள். "எனக்குக் காய்ச்சல்னு எழுத வேணாம்மா. எனக்கு ஒண்ணும் இல்ல. அந்தப் பேப்பருதான் தமிழ் இல்ல."

"வாய மூடுடி. ஒனக்காகத்தானே கேக்குறேன்!"

"காய்ச்சல்னு சொன்னா நான் சொன்னது பொய்னு ஆயிடும்ல?"

அப்பா அவளைக் கூர்ந்து பார்த்தார். "பாப்பா, தமிழ் இல்லன்னா அது எப்படி இருந்துச்சு?"

"எழுதிக் காட்டவா?"

நான் உள்ளே ஓடி என் நோட்டையும் பென்சிலையும் கொண்டுவந்தேன். அவள் கிணற்றடிக் கல்லில் வைத்து எழுதினாள். எழுதினாள் என்று சொல்ல முடியாது, வரைந்தாள். ஒரு எழுத்தை முடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள், பிறகு அடுத்தது. ஒரு வரி முழுவதும் வந்தது. "கணக்கத் தவிர ஒவ்வொரு பக்கத்துலயும் மேல இதே வரி இருந்துச்சு. அதான் மனசுல நின்னுச்சு. தெரிஞ்ச எழுத்து ஏதாவது மாட்டுதான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றாள்.

அன்று உதடு அசைந்தது அதற்குத்தான்.

அப்பா அந்தத் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். எங்கள் இரண்டு பேரையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். பிரசவ வார்டில் மலையாளத்து நர்ஸ் ஒருவர் இருந்தார். நல்ல உயரம், சிரித்த முகம். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கியவர், ஒரு நொடிகூட யோசிக்காமல் சத்தமாக வாசித்தார்:

"தாழெ கொடுத்திரிக்குன்ன கத வாயிக்குக."

பிறகு எங்களைப் பார்த்தார். "கீழே குடுத்திருக்கிற கதையை வாசிங்கன்னு எழுதியிருக்கு. யார் எழுதினது? மலையாளம் படிக்கிற பிள்ளையா?"

அப்பா மருந்துப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். மாசியிலிருந்து நாங்கள் சொல்லிக்கொண்டே இருந்தோம். வேறு பாஷைக்காரர் ஒருவர் வாசித்த பிறகுதான் அவர் நம்பினார். "சிஸ்டர், நாளைக்கு என்கூடக் கல்வி ஆபீசுக்கு வரமுடியுமா?" என்று கேட்டார்.

மறுநாள் அந்த அதிகாரி ஊரைவிட்டுக் கிளம்ப இருந்தார். தாளைப் பார்த்ததும் முதலில் சிரித்தார். அவளை மறுபடி எழுதச் சொன்னார். அவள் அவர் மேசையிலேயே, அவர் கண் முன்னாலேயே எழுதினாள். நர்ஸ் மறுபடி வாசித்தார். அதிகாரியின் சிரிப்பு நின்றது. புதுச்சேரிக்கு டிரங்க் கால் போட்டார். லைன் கிடைக்க வெகுநேரம் ஆனது. நாங்கள் பெஞ்சில் காத்திருந்தோம். கடைசியில் கிடைத்தது. அவர் பேசினதைவிடக் கேட்டதுதான் அதிகம். "எப்போ?" என்றார். "அன்னிக்கேவா?" என்றார். பிறகு போனை மெதுவாக வைத்தார்.

"புதுச்சேரியச் சேந்த மாஹேல ஒரு மலையாளப் பள்ளிக்கூடத்துக்குத் தமிழ்க் கட்டு போயிருக்கு. அவங்க பிரிச்சதும் பாத்துட்டு, பரீட்சைய நிறுத்தி, அன்னிக்கே தந்தி குடுத்திருக்காங்க" என்றார்.

நர்ஸ் கேட்டார்: "அன்னிக்கேன்னா, அந்த மலையாளக் கட்டு எங்கே போச்சுன்னு யாரும் தேடலையா சார்?"

"தேடியிருக்காங்க." அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எல்லா ஊரு மார்க்கையும் எடுத்துப் பாத்தாங்களாம். எங்கயாவது திடீர்னு மார்க்கு கொறஞ்சிருந்தா அங்கதான் போயிருக்கும்னு. எங்கயுமே வித்தியாசம் தெரியலயாம். எல்லாம் எதிர்பாத்த மாதிரிதான் இருந்துச்சாம்."

"எதிர்பாத்த மாதிரின்னா என்ன சார்?" என்று கேட்டாள் என் பக்கத்துக்காரி.

நர்ஸ் அவளைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டார். அப்பா எழுந்து நின்றார். "எல்லாப் புள்ளைங்களுக்கும் திரும்பப் பரீட்ச வைங்க. எம்பொண்ணும் எழுதட்டும். அவளுக்கு அன்னிக்குக் காய்ச்சல் இல்ல. நான் பொய் சொல்லித்தான் சான்று வாங்குனேன்." சொன்னதற்காக அவருக்கு ஆஸ்பத்திரியில் விசாரணை வந்தது. கொஞ்ச காலம் சம்பள உயர்வை நிறுத்தினார்கள். அதைப் பற்றி அவர் வீட்டில் பேசியதே இல்லை.

மறுதேர்வுக்கு உத்தரவு வர ஐப்பசி ஆகிவிட்டது. தோற்றவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். உத்தரவிலும் அப்படித்தான் இருந்ததாம். தப்பு நடந்தது என்ற சொல் எந்த இடத்திலும் இல்லை.

அதற்குள் கொட்டகைப் பிள்ளைகளில் பாதிப் பேர் வருவதை நிறுத்தியிருந்தார்கள். கூடை முடைவதற்குப் பள்ளிக்கூடம் எதற்கு என்று வீட்டில் கேட்டார்களாம், நியாயமான கேள்விதான். பரீட்சைக்கு முந்தின சனிக்கிழமை நானும் என் பக்கத்துக்காரியும் அவள் சித்தி மகளைத் தேடிக் கிளிஞ்சல்மேட்டுக்குப் போனோம். மழைக்கு முன் கிடைத்த வெயில். மணலில் பாய் விரித்துக் கருவாடு காயவைத்திருந்தார்கள். அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பிளந்த மீனில் உப்பைத் திணித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் சிரித்தாள். சடையை இப்போது ஒன்றாகப் போட்டிருந்தாள்.

"திங்கக்கெழம வாடி. திரும்பப் பரீட்ச வெக்கிறாங்க. அந்தப் பேப்பரு மலையாளம்டி" என்றாள் என் பக்கத்துக்காரி.

"தெரியும். குப்பமே பேசுதே."

"அப்ப வருவல்ல?"

"நான் வரலடி."

"ஏண்டி? ஒன்மேல தப்பே இல்ல. இந்தத் தடவ தமிழ்லதான் இருக்கும்."

"தமிழ்ல இருந்தாலும் எனக்கு வந்திருக்காது."

"யாருடி அப்படிச் சொன்னா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இது தெரியாதா என்பதுபோல. "அதான் எல்லாரையும் உக்காரவெச்சு மைக்குல சொன்னாங்களே."

அவள் வருத்தமாகச் சொல்லியிருந்தால் எனக்கு இப்படி இருந்திருக்காது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். என் பக்கத்துக்காரி அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். "எழுந்திருடி, எழுந்திரு!" என்று கத்தினாள். அவள் சிரித்துக்கொண்டே கையை விடுவித்துக்கொண்டு, அடுத்த மீனை எடுத்தாள்.

திங்கட்கிழமை அதே கொட்டகையில் உட்கார்ந்தோம். வந்தவர்கள் கொஞ்சம்தான். என் பக்கத்துக்காரி எங்கள் இருவருக்கும் நடுவில், சித்தி மகளுக்கென்று, ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டாள். "நெருங்கி உக்காருங்க" என்றார் மேற்பார்வையாளர். இவர் வேறு ஒருவர். நாங்கள் நகரவில்லை.

தாளைத் திருப்பினோம். தமிழ். ஐந்தே வரியில் ஒரு கதை. குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குப் போன ஒரு பெண்ணைப் பற்றி. கீழே முதல் கேள்வி: அந்தப் பெண் எதைத் தூக்கிக்கொண்டு போனாள்? எதிரே வட்டங்கள்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் கதையை ஒரு தடவை வாசித்தாள். பிறகு இன்னொரு தடவை வாசித்தாள், வேறு ஏதாவது இருக்கிறதா என்று தேடுவதுபோல. அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். அதற்கடுத்த பக்கத்தையும் திருப்பினாள். எல்லாம் அப்படித்தான் இருந்தன. நடுவில் விட்டிருந்த வெற்றிடத்தைப் பார்த்தாள். அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி, சத்தமாக என்னைக் கேட்டாள்:

"இவ்வளவுதானாடி?"